எட்டு வயது மகனைச் சாரணர் குழுவில் சேர்க்கலாமா? பினாங்குப் பெற்றோர் ஒருவருக்கு விரிவான பதில்

பாயான் பாருவில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. மகனுக்கு எட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறான். வீடு திரும்பியதும் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறான். கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு பகல் மாறி மாறி வேலைக்குச் செல்பவர். வீட்டுக்கு அருகில் சிறுவர்களுக்கான சாரணர் குழு ஒன்று சனிக்கிழமைதோறும் கூடுவதை அறிந்து, அதில் மகனைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறார். படிப்பு கெடுமா, பிள்ளை பாதுகாப்பாக இருப்பானா, நம்முடைய சமயப் பழக்கங்களுக்கு இடையூறு வருமா, செலவு எவ்வளவு, பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்பன அவருடைய ஐயங்கள். இந்தத் தீவில் குருளைச் சாரணர்கள் எனப்படும் சிறுவர் பிரிவினரோடு பல ஆண்டுகளாகச் சனிக்கிழமைக் காலைகளைக் கழித்து வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை முழுமையாகவே சொல்கிறேன்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் முதல் நாளே பாரத்தை நிரப்பிப் பணத்தைக் கட்டிவிட்டுப் பிள்ளையை இறக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். மூன்று நான்கு வாரங்களாவது மகனோடு வந்து, திடலோரம் அமர்ந்து, நடப்பதைக் கவனியுங்கள். சீருடை எவ்வளவு மிடுக்காக இருக்கிறது, சுவரில் எத்தனை கேடயங்கள் தொங்குகின்றன என்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அங்கே வேலைகளைச் செய்பவர்கள் பிள்ளைகளா, பெரியவர்களா என்பதைப் பாருங்கள். கொடியை மடிப்பவன் யார்? கோணலாக மடிந்துவிட்டால் அதைப் பிரித்து மீண்டும் மடிப்பவன் யார்? கூட்டம் முடிந்ததும் மண்டபத்தைப் பெருக்குபவன் யார்? இவற்றையெல்லாம் தலைவர்களே செய்து, பிள்ளைகள் வரிசையில் நின்று வேடிக்கை பார்க்கும் குழுவில் உங்கள் மகன் சல்யூட் அடிக்கக் கற்றுக்கொள்வான். அதற்குமேல் பெரிதாக எதுவும் கற்கமாட்டான்.

இந்த இயக்கம் பிறந்ததே சிறுவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்துப் பார்க்கும் ஒரு சோதனையாகத்தான். தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம் 1899 முதல் 1900 வரை 217 நாள்கள் முற்றுகையில் கிடந்தபோது, அங்கிருந்த சிறுவர்கள் செய்தி கொண்டு செல்வது போன்ற பணிகளைப் பொறுப்போடு செய்ததைப் படைத்தளபதி பேடன் பவல் நேரில் கண்டார். இங்கிலாந்து திரும்பியபின், 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கூட்டி முகாம் நடத்தினார். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளிகளின் பிள்ளைகளும் அதில் கலந்தே இருந்தார்கள். சிறு சிறு அணிகளாகப் பிரிந்து, தங்களுக்குள் ஒருவனையே தலைவனாகக் கொண்டு இயங்கினார்கள். மறு ஆண்டே, அதாவது 1908-இல், மலாயாவின் முதல் சாரணர் படை பினாங்கில், ஒய்.எம்.சி.ஏ.வில் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கியது என்று இயக்கத்தின் வரலாறு குறிப்பிடுகிறது. நம் தீவிலிருந்துதான் அது தீபகற்பம் முழுவதும் பரவியது. எனக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு. புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

அண்ணன்மார் சாரணர்களாகச் செல்வதைப் பார்த்த தம்பிமார் தாங்களும் வருவோம் என்று அடம்பிடித்ததால், 1916-இல் சிறியவர்களுக்கென்று ஓநாய்க் குருளைகள் என்ற தனிப் பிரிவு அமைந்தது. காட்டில் ஓநாய்களிடம் வளரும் மௌக்லி என்ற சிறுவனின் கதையே அதற்கு அடிப்படை. அதனால்தான் குருளையரின் தலைவரை இன்றும் அக்கேலா என்று அழைக்கிறோம். துணைத் தலைவர்கள் பாலு என்றும் பகீரா என்றும் பெயர் பெறுகிறார்கள். அக்கேலா என்ற இந்திச் சொல்லுக்குத் தனியன் என்று பொருள். பாலு என்பது கரடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் உருவாக்கிய ஓர் இயக்கத்தில், இந்தியக் காட்டுப் பெயர்களைப் பினாங்குப் பிள்ளைகள் கூவி அழைப்பதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு நெருக்கம் தோன்றத்தான் செய்கிறது.

நம் நாட்டில் இவ்வியக்கத்தை நடத்துவது மலேசியச் சாரணர் சங்கம், அதாவது பெர்செக்குத்துவான் பெங்காகாப் மலேசியா. தொடக்கப்பள்ளி வயதினருக்குப் பெங்காகாப் கானாக்-கானாக் என்ற பிரிவும், இடைநிலைப்பள்ளியின் தொடக்க ஆண்டுகளில் பெங்காகாப் மூடா, பிறகு பெங்காகாப் ரெமாஜா, வளர்ந்த இளைஞர்களுக்குப் பெங்காகாப் கெலானா என்ற பிரிவுகளும் உண்டு. உங்கள் மகன் சேரவிருப்பது முதல் பிரிவில். அதைத்தான் தமிழில் குருளைச் சாரணர் என்கிறோம். பல தமிழ்ப்பள்ளிகளில் சாரணர் இயக்கம் புறப்பாட நடவடிக்கைகளில் ஒரு சீருடை இயக்கமாகவே இருக்கிறது. அங்கே பொறுப்பாசிரியரே தலைவர். உறுப்பினர்கள் அந்தப் பள்ளியின் மாணவர்கள். நீங்கள் குறிப்பிடும் குழு பள்ளிக்கு வெளியே இயங்கும் திறந்த குழு. பல பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். தலைவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். இரண்டுக்கும் ஒரே உறுதிமொழி, ஒரே சட்டம். மகன் பள்ளிக் குழுவிலேயே இருந்தாலும் திறந்த குழுவுக்கு வருவதால் கெடுதல் எதுவும் இல்லை. ஆயினும், எந்தக் குழுவாக இருந்தாலும், இந்த ஆண்டுக்கான பதிவைச் சங்கத்தின் மாவட்ட ஆணையர் வழியாகச் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நல்ல குழு இந்தக் கேள்வியால் வருத்தப்படாது; கடிதத்தை எடுத்துக் காட்டும்.

ஒரு சனிக்கிழமைக் காலை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். எட்டரை மணிக்குக் கொடியேற்றம். பிள்ளைகள் ஆறு பேர் கொண்ட அணிகளாக நிற்பார்கள். ஒவ்வோர் அணிக்கும் சற்று மூத்த பிள்ளை ஒருவன் தலைவன், இன்னொருவன் அவனுக்குத் துணை. வட்டமாகக் குந்தி, எங்களால் இயன்றதைச் செய்வோம் என்று குரலெடுத்துக் கூவித் தொடங்குவார்கள். பிறகு ஓடியாடும் விளையாட்டு. அதன்பின் ஏதாவது ஒரு கைவேலை அல்லது திறன்: முடிச்சு, திசைகாட்டி, முதலுதவி, தீயில்லாச் சமையல். சில வாரங்களில் கிம் விளையாட்டு நடக்கும். ஒரு தட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு பொருள்களைப் பரப்பி, ஒரு நிமிடம் காட்டி, துணியால் மூடிவிட்டு, நினைவில் உள்ளவற்றை எழுதச் சொல்வோம். கைப்பேசித் திரையில் விரலைத் தள்ளித் தள்ளிப் பழகிய பிள்ளைகள் முதல் முறை ஆறு ஏழு பொருள்களோடு நின்றுவிடுவார்கள். சில மாதங்களில் பதினைந்தைத் தாண்டிவிடுகிறார்கள். மைலோவும் பிஸ்கட்டும் முடிந்து, இடத்தைத் துப்புரவு செய்து, கொடியிறக்கத்தோடு பதினொன்றுக்குக் கலைவோம்.

சென்ற மாதம் நடந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். சேர்ந்து ஆறு வாரமே ஆன ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், சிவப்பும் நீலமுமாக இரண்டு கயிறுகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தான். மலாயில் பூக்கு சீலா என்று நாங்கள் சொல்லும் அந்தத் தட்டை முடிச்சு, காயக்கட்டுத் துணியின் இரு முனைகளை இணைக்க ஏற்றது. ஆளின் எடையைத் தாங்கும் கயிற்றுக்கு அது ஆகாது என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறோம். முதலில் வலது முனையை இடது முனையின்மேல் போட வேண்டும். அடுத்து இடதை வலதின்மேல் போட வேண்டும். அவனோ இரண்டு முறையும் வலதையே மேலே போட்டான். முடிச்சு கோணலாகத் திருகி, இழுத்ததும் வழுக்கியது. அருகில் நின்ற அவனுடைய தந்தை குனிந்து கயிற்றை வாங்கப் போனார். சற்றுப் பொறுங்கள் என்று அவருக்குக் கையசைத்தேன். அணித்தலைவனான பதினொரு வயதுச் சிறுவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கயிற்றைத் தொடவில்லை. "வால் ரெண்டும் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாருடா" என்று மட்டும் சொன்னான். சரியாக விழுந்த முடிச்சில் சிவப்புக் கயிற்றின் வால் சிவப்புக் கயிற்றை ஒட்டியே படுத்திருக்கும். தவறான முடிச்சில் அது குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கும். சிறுவன் உற்றுப் பார்த்தான், அவிழ்த்தான், போட்டான், மீண்டும் அவிழ்த்தான். ஏழாவதோ எட்டாவதோ முறையில் சிவப்பு சிவப்போடும் நீலம் நீலத்தோடும் சேர்ந்து படுத்தன. அவன் எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதை அவிழ்த்துவிட்டு இன்னொரு முறை போட்டான்.

அந்தத் தந்தை கயிற்றை வாங்கியிருந்தால் முடிச்சு அரை நிமிடத்தில் விழுந்திருக்கும். அப்படி விழும் முடிச்சால் அந்தப் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை. எங்களுடைய முறை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. பெற்றோருக்கு இதை விளக்குவதே எங்களுக்கு மிகக் கடினமான வேலையாகவும் இருக்கிறது. பாசத்தால் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சோறு ஊட்டிவிடுவதும், புத்தகப்பையைத் தூக்கி வருவதும், சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிடுவதும் நம் வீடுகளில் அன்பின் அடையாளங்கள். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை இவற்றைத் தானே செய்துகொள்ள முடியும். செய்ய விரும்பவும் செய்கிறான்.

சின்னங்களைப் பற்றியும் இதே கருத்தைத்தான் சொல்வேன். குருளைச் சாரணர்கள் உறுப்பியச் சின்னத்தில் தொடங்கி, கெரிஸ் காங்சா, கெரிஸ் பேராக், கெரிஸ் எமாஸ் என்று வெண்கலம், வெள்ளி, பொன் வரிசையில் முன்னேறுகிறார்கள். மேல்பிரிவில் உயர்ந்த விருது பெங்காகாப் ராஜா. சின்னம் பிள்ளைக்கு ஊக்கம் தரும், மறுக்கவில்லை. எனினும் தேர்வுத் தாள்களைப் போல அதைத் துரத்தும் பெற்றோர் சிலர் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளிக் கெரிஸ் கிடைத்துவிட்டது, எங்கள் பிள்ளைக்கு எப்போது என்று புலனத்தில் கேட்கிறார்கள். வீட்டில் தாங்களே செய்த கைவேலையை மகனிடம் கொடுத்தனுப்புகிறார்கள். அதைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வரும்போது பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்க்க எங்களுக்கும் வேதனையாக இருக்கிறது. தயவு செய்து அந்த நிலைக்கு அவனை ஆளாக்காதீர்கள்.

படிப்பு கெடுமா என்ற ஐயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். ஆண்டுக்கு இரண்டு மூன்று வெளியுலா, ஒரு முகாம். ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகும் சனிக்கிழமை டியூஷன் குறைந்ததாகத் தெரியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் டியூஷன் நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பிற்காலத்தில் பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு என்று சிலர் இப்போதே கணக்குப் போடுகிறார்கள். எட்டு வயதில் அந்தக் கணக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம்.

பாதுகாப்பைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். பிள்ளைகளோடு பழகும் எந்த அமைப்பிலும் தவறான நோக்கத்தோடு நுழைய முயல்பவர்கள் இருக்கக்கூடும். உலகின் பல நாடுகளில் சாரணர் அமைப்புகளும் இந்தத் துயரத்தைக் கண்டிருக்கின்றன. அதனால்தான் பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காப்பதற்கென்று உலகச் சாரணர் அமைப்பு தனிக் கொள்கை வகுத்துள்ளது. அதன் நடைமுறை எங்கள் குழுவில் இப்படி இருக்கிறது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் பிறர் பார்வையில் படாத இடத்தில் தனியாக இருப்பதில்லை. எப்போதும் குறைந்தது இரு பெரியவர்கள் உடனிருப்பார்கள். முகாமில் தலைவர்களின் கூடாரம் வேறு, பிள்ளைகளின் கூடாரம் வேறு. குளியலறைக்கு இருவர் இருவராகச் செல்வார்கள். தலைவர்கள் பிள்ளைகளின் கைப்பேசிக்குத் தனிச் செய்தி அனுப்புவதில்லை. எல்லாத் தகவலும் பெற்றோர் குழுவுக்கே வரும். புதிதாகச் சேர்ந்தவனைக் கேலி செய்வதோ தண்டனை என்ற பெயரில் இழிவுபடுத்துவதோ அறவே கூடாது. பெற்றோர் முன்னறிவிப்பின்றி எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம்.

இவற்றை நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பிவிடாமல், கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் போகும் குழுவில் கேளுங்கள்: தலைவர்கள் பயிற்சி பெற்றவர்களா? மணிக்காயு என்று நாங்கள் சொல்லும் தலைமைப் பயிற்சியை முடித்தவர்கள் கழுத்தில் இரண்டு சிறு மரமணிகள் கோத்த தோல்வாரை அணிந்திருப்பார்கள். 1919-இல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் தொடங்கிய பயிற்சி முறை அது. ஆனால் மணி அணிந்தவர் என்பதே ஒருவரின் நடத்தைக்குச் சான்றாகிவிடாது; விதிகள் எல்லாருக்கும் ஒன்றே. மகனிடமும் பேசி வையுங்கள். உடலில் மற்றவர் தொடக்கூடாத இடங்கள் எவை, அம்மாவிடம் சொல்லாதே என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பதைச் சேர்வதற்கு முன்பே எளிய சொற்களில் விளக்குங்கள். இவ்வகைக் குற்றங்களுக்கென்றே நம் நாட்டில் 2017-இல் தனிச் சட்டம் வந்தது. அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே அதன்படி குற்றம். ஐயம் எழுந்தால் குழுவின் பெயர் கெட்டுவிடுமே என்று யாரும் தயங்கக்கூடாது. காவல்துறையிடமோ 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணிலோ தெரிவிக்கலாம்.

வெளியிடப் பாதுகாப்பு வேறொரு பகுதி. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. அந்நாள்களில் நாங்கள் இரவு முகாம் வைப்பதில்லை. நீர்வீழ்ச்சியும் ஓடையும் உள்ள இடங்களில், மேலே மலையில் பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போதே திடீரெனப் பாய்ந்து வரும். கெப்பாலா ஆயர் என்று மலாயில் சொல்லும் அந்த வெள்ளம் நொடியில் ஆளை அடித்துச் சென்றுவிடும். தண்ணீர் கலங்கினாலோ, இலைகளும் குச்சிகளும் மிதந்து வந்தாலோ, எல்லாரும் உடனே கரையேற வேண்டும் என்பது குருளையருக்கும் மனப்பாடம். காலில் புண் உள்ள பிள்ளையை ஆற்றில் இறக்குவதில்லை, எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதால். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை எதுவாக இருந்தாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். சேர்த்துக்கொள்ளமாட்டார்களோ என்று அஞ்சி மறைக்கும் பெற்றோரால்தான் எங்களுக்கு இரவில் தூக்கம் போகிறது.

சமயம் குறித்துக் கவலை வேண்டாம். சாரணர் உறுதிமொழியில் கடவுளுக்கும் மன்னருக்கும் நாட்டுக்கும் செய்ய வேண்டிய கடமை இடம்பெறுகிறது. அங்கே கடவுள் என்பது அவரவர் சமயத்தின் கடவுளே. முகாமில் காலை வழிபாட்டை ஒவ்வொருவரும் தத்தம் முறையில் செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் சிலர் திருநீறு பூசிக்கொண்டு வருவார்கள். யாரும் எதுவும் சொன்னதில்லை. உணவைப் பொறுத்தவரை, முஸ்லிம் பிள்ளைகளும் உடன் இருப்பதால் முகாமில் ஹலால் உணவு மட்டுமே, மாட்டிறைச்சியும் சமைப்பதில்லை, சைவப் பிள்ளைகளுக்குச் சட்டி, கரண்டி எல்லாம் தனி. புரட்டாசிச் சனிக்கிழமையில் வெளியுலா அமைந்தால் அன்று எல்லாருக்கும் சைவமே என்பது எங்கள் குழு தானாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் பாதையில் எங்கள் பிள்ளைகள் குப்பை பொறுக்கப் போவதுண்டு. கடந்த முறை சீனப் பிள்ளை ஒருவன், வெயிலில் வெறுங்காலோடு நின்ற ஒரு பாட்டிக்குத் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினான். அது எந்தச் சின்னத்துக்கான வேலையும் அல்ல.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் பலரும் கேட்கத் தயங்கும் இன்னொன்று மொழி. திறந்த குழுவில் கட்டளைகள் மலாயில் இருக்கும். விளையாடும்போது மலாய், ஆங்கிலம், தமிழ், ஹொக்கியன் எல்லாம் கலந்து ஒலிக்கும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு மற்ற இனப் பிள்ளைகளோடு வாரந்தோறும் தோளோடு தோள் நின்று விளையாடும் வாய்ப்பு பெரும்பாலும் இங்கேதான் முதன்முதலாகக் கிடைக்கிறது. முதல் சில வாரங்கள் வாய் திறக்கமாட்டான். பந்து காலுக்கு வந்தால் தானாகப் பேசிவிடுவான். இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்திலோ புகுமுக வகுப்பிலோ திடீரென்று புதிய சூழலில் போய் நிற்கும்போது ஏற்படும் மிரட்சி, இப்படிப் பழகிய பிள்ளைகளிடம் குறைவாக இருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சேர்வதற்காக நான் சொல்லும் காரணங்களில் இதையே முதன்மையாகக் கருதுகிறேன்.

செலவு பெரிதல்ல. ஆண்டுப் பதிவுக் கட்டணம், சிறிய மாதச் சந்தா, சீருடை, கழுத்துத் துணி, அதைக் கோக்கும் வளையம். சீருடையை முதல் மாதமே வாங்க வேண்டாம். பையன் நிலைக்கிறானா என்று பாருங்கள். வளர்ந்த பிள்ளைகள் விட்டுச் சென்ற நல்ல சட்டைகள் பெரும்பாலான குழுக்களில் அலமாரியில் இருக்கும். கேட்டு வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பணம் கட்ட இயலாத நிலை இருந்தால் அக்கேலாவிடம் தனியாகச் சொல்லுங்கள். பணமில்லை என்பதற்காக ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பும் தலைவரை நான் மதிக்கமாட்டேன்.

இனிப் பெற்றோரின் வேலை. சில ஆண்டுகளுக்கு முன், தெலுக் பாஹாங் பக்கம் ஓரிரவு முகாம் வைத்திருந்தோம். இரவு ஒன்பது மணியளவில் தூறல் தொடங்கியது. மழைச்சட்டையையும் கைவிளக்கையும் எடுங்கள் என்றோம். ஒரு பிள்ளை மட்டும் பையின் முன்னால் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தான். பை மிக ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது: உடைகள் நெகிழிப்பைகளில், ஒவ்வொன்றின்மேலும் சீட்டு, மருந்து தனியே, முறுக்கு ஒரு டப்பாவில். கைவிளக்கு பக்கவாட்டுப் பையில், பழைய காலுறைக்குள் பத்திரமாக இருந்தது. அடுக்கியவர் அவனுடைய அம்மா. அதனால் எது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவர் பிழையாக ஒன்றும் செய்யவில்லை. இரவு வெகு நேரம் விழித்திருந்து அடுக்கியிருப்பார். அதற்குப் பிறகு பொருள்களின் பட்டியலைப் பிள்ளையின் கையிலேயே கொடுக்கிறோம். பெற்றோர் அதை உரக்கப் படிக்கலாம். எடுத்து வைப்பது அவன்தான். சட்டை கசங்கினால் கசங்கட்டும். பல் துலக்கியை மறந்தால் ஒரு நாள் உப்பால் துலக்கிக்கொள்வான்.

கணவருக்கு வேலை முறை மாறிக்கொண்டே இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். வாரந்தோறும் வர வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, ஓய்வு நாளில், தமக்குத் தெரிந்த ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அவரால் இயலுமா என்று கேளுங்கள். தொழிற்சாலையில் கருவிகளோடு பழகுபவர் ஒரு திருகாணியை எப்படிப் பிடிப்பது, கையில் அடிபடாமல் எப்படி வேலை செய்வது என்று காட்டினாலே போதும். அன்று மகனின் நடையே வேறாக இருக்கும். உங்களிடம் நாங்கள் கேட்பது நேரந்தவறாமை. பதினொரு மணிக்குக் கூட்டம் முடிகிறதென்றால் பதினொன்றுக்கே அழைத்துச் செல்ல யாராவது வந்துவிட வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஒத்துப்போகும் என்று சொல்லமாட்டேன். மூன்று மாதம் மனமார முயன்றும் வெள்ளிக்கிழமை இரவே வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். ஓராண்டு கழித்து அவனே கேட்டு வந்ததும் உண்டு. கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளையாக இருந்தால், குழுவில் போதிய பெரியவர்கள் இருக்கிறார்களா என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்; எங்களிடம் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவன் கயிற்று வேலையில் எல்லாரையும் மிஞ்சியவன்.

எங்கள் குழுவுக்கே வருவதாக இருந்தால், நீங்கள் முதல் முறை வரும் சனிக்கிழமையன்று எட்டேகால் மணிக்கே வந்துவிடுங்கள். சாதாரண டீ-சட்டை, நீளக் காற்சட்டை, ஓடுவதற்கு ஏற்ற சப்பாத்து, தொப்பி, ஒரு போத்தல் தண்ணீர் போதும். கைப்பேசி உங்களிடம் இருக்கட்டும். கொசு மருந்தை வீட்டிலேயே தடவிவிடுங்கள். காரிலிருந்து மண்டபம் வரை பையை அவனே தூக்கி வரட்டும். உள்ளே வந்ததும் அவன் பெயரை நான் அவனிடம்தான் கேட்பேன்; பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாலும் நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.